தொடக்கூடாது என்று சொல்லித் தொடுகிறவர்

மூடி என்ற ஒன்று உலகில் உண்டான அன்றே அதை அடிக்கடி திறந்து பார்க்கிற மனிதரும் உண்டாகிவிட்டார். அவரைப் பற்றி நான் எழுத வரவில்லை. வெறுமனே திறந்து பார்க்கிறவர் அப்பாவி. ஆவல் தாங்காமல் திறக்கிறார், ஆவி முகத்தில் அடித்ததும் மூடிவிட்டுப் போய்விடுகிறார். நான் சொல்ல வந்த இனம் அதற்கு மேலே ஒரு படி வளர்ந்தது. ‘இதைத் திறக்கவே கூடாது’ என்று உங்களுக்குப் பாடம் நடத்துவதற்காகவே திறக்கிற இனம்.

பார்த்திருப்பீர்கள். நோயாளி தூங்க வேண்டும், யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று அறை வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உரத்த குரலில் எச்சரிக்கை விடுக்கிறவர். ஆசிரியர்களை அவரவர் போக்கில் விட வேண்டும் என்ற தம் கொள்கையை விளக்குவதற்காக வகுப்பு வகுப்பாக நுழைந்து பாடத்தை நிறுத்துகிற தலைமையாசிரியர். புதுமணத் தம்பதியைத் தனியாக விடுங்கள் என்று வற்புறுத்த அவர்கள் வீட்டுக்கே வாரம் தவறாமல் போய் மதியச் சாப்பாடும் முடித்துவிட்டு வருகிற மாமா. எல்லாரும் ஒரே குலம். ஆனால் இவர்களால் பெரிய சேதம் கிடையாது. நோயாளி எப்படியும் தூங்கிவிடுவார். மாணவர்கள் எப்படியும் படிக்கப்போவதில்லை. தம்பதி எப்படியும் சண்டை போட்டுக்கொள்வார்கள். இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண வேண்டுமானால், திறந்தால் நிஜமாகவே செத்துப்போகிற ஒரு பொருள் உள்ள ஊருக்கு வர வேண்டும். ஒயினால் பிழைக்கிற எங்கள் ஹெரேஸுக்கு வாருங்கள்.

எங்கள் ஊரில் ஒயினுக்காக மனிதன் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அதனால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியது அவ்வளவு அதிகமாகிவிட்டது. ஒயினில் கொஞ்சம் சாராயம் சேர்த்து வலுவேற்றுகிறோம். வேண்டாத கிருமி சாகிற அளவுக்கு, வேண்டிய கிருமி பிழைக்கிற அளவுக்கு. பீப்பாயை விளிம்புவரை நிரப்பாமல் மேலே காற்றுக்கு இடம் விடுகிறோம். தக்கையைத் தளர்வாக வைக்கிறோம். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்துகிறோம். அவ்வளவுதான் நம் பங்கு. மிச்சத்தை ஈஸ்ட் பார்த்துக்கொள்கிறது. ஆறின பாலின் மேல் ஆடை படிகிற மாதிரி ஒயினின் மேல் வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக அது ஒரு போர்வை நெய்துகொள்கிறது. இங்கே அதற்குப் பூ என்று பெயர். உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் இது படிந்தால் நீங்கள் பெயரெல்லாம் வைக்க மாட்டீர்கள், ஜாடியைக் கொண்டுபோய்க் கொட்டுவீர்கள். நாங்கள் அதைக் கும்பிடுகிறோம். பூ மூடியிருக்கும்வரை காற்று ஒயினைத் தொடாது. ஒயின் வெளிறிய வைக்கோல் நிறத்திலேயே, வாதுமை மணத்தோடும் புளிக்கிற ரொட்டிமாவின் மணத்தோடும் வருஷக்கணக்கில் வயதாகும். பூ கிழிந்து மூழ்கிவிட்டால் காற்று உள்ளே புகும், ஒயின் பழுப்பாகிச் சோர்ந்துபோகும். ஆக, இந்தத் தொழிலின் மொத்த ரகசியமும் சும்மா இருப்பது.

சும்மா இருப்பதை எப்படிப் பெருமையாகக் காட்டிக்கொள்வது? இந்தக் கேள்விக்கு வாழ்நாளைக் கொடுத்தவர்தான் தோன் பால்தொமேரோ.

காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது எது எது கெட்டுப்போகலாம் என்பதை மனிதர்களுக்கு நினைவூட்டிச் சம்பாதித்தவர். பீப்பாய்க்காரர் தெருவில் இருக்கிற கிடங்கு அவருடையது அல்ல, மனைவி தோன்யா மிலாக்ரோஸுடையது; அதிலும் பாதிதான். மறுபாதி அவளுடைய சித்தப்பா மகன் ஃபெர்மீனுக்கு. ஃபெர்மீனுக்கு ஒயின் மேல் கோபமெல்லாம் கிடையாது, குடிப்பான். ஆனால் அவ்வளவு உயரமான தூண்களுக்கும் வளைவுகளுக்கும் கீழே மனிதர்கள் ஆடிப்பாடாமல் பீப்பாய்கள் படுத்துக் கிடக்கின்றனவே என்பது அவன் வருத்தம். அதைக் கல்யாண மண்டபமாக்க வேண்டும். அக்காவும் தம்பியும் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ஆண்டுதோறும் வசந்தத்தில் ஒரு பெரிய கம்பெனியின் கிடங்குத் தலைவர் சேன்யோர் கிரோஸ் வந்து ருசிபார்த்து, பூவுக்கு அடியில் வளர்ந்த வெளிறிய ஒயினை வாங்கிப்போவார். அவர் வாங்குகிறவரை கிடங்கு கிடங்காகவே இருக்கும். அவர் வேண்டாம் என்று தலையாட்டுகிற வருஷம் மிலாக்ரோஸ் கட்டடத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுச் சொத்து மொத்தமும் ஈஸ்டின் உடல்நலத்தில் தொங்கியது. அந்த ஈஸ்டின் உடல்நலம் அவள் புருஷனின் கையில் தொங்கியது.

புருஷனோ அதை அளவுக்கு மீறி நேசித்தார். இந்த இனத்தில் அலட்சியக்காரர்களே கிடையாது என்பதைக் கவனியுங்கள். அலட்சியக்காரராக இருந்திருந்தால் பூ பிழைத்திருக்கும்.

விருந்தாளியை அவர் கிடங்குக்குள் அழைத்துப்போகிற அழகைச் சொல்கிறேன். கதவருகிலேயே நிறுத்தி, விரலை உதட்டில் வைப்பார். இங்கே சத்தமாகப் பேசுவதுகூடப் பாவம் என்பார், அது மாதா கோயில் மணிபோல வளைவுகளில் எதிரொலிக்கும். நாம் எஜமானர்கள் அல்ல, வேலைக்காரர்கள்கூட அல்ல, வெறும் பார்வையாளர்கள் என்பார். இயற்கையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாதவன் ஒயின்காரனே அல்ல என்பார். இதைச் சொல்லும்போது மரச்சுத்தியால் தக்கையைத் தட்டித் தளர்த்திக்கொண்டிருப்பார். தக்கை கழன்றதும் மெழுகுவத்தியை ஓட்டைக்கு மேலே பிடித்து, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்க்கச் சொல்வார். மூச்சு விடாதீர்கள், அதற்குக் கூச்சம் அதிகம் என்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெழுகு ஒரு சொட்டு உள்ளே விழும்.

அதன் பிறகுதான் கோல். நீளமான வளையும் கோல், நுனியில் விரலளவுக் குவளை. பூவைக் கிழிக்காமல் ஒரே குத்தில் உள்ளே இறக்கி ஒரே இழுப்பில் ஒயினை எடுப்பதற்காக எங்கள் முன்னோர் கண்டுபிடித்தது. தெரிந்தவன் கையில் அது ஊசி. தோன் பால்தொமேரோ கையில் அது கரண்டி. பூவுக்கு வலிக்கக் கூடாது என்று மெதுவாக இறக்குவார், மெதுவாக இறக்குவதால் பூ சுருண்டு கோலோடு ஒட்டிக்கொண்டு கீழே போகும், அதைக் காப்பாற்றக் கோலை இப்படியும் அப்படியும் அசைப்பார், அசைத்ததில் மிச்சமும் கிழியும், அப்புறம் தலைக்கு மேலே கோலை உயர்த்தி, இடுப்பளவில் பிடித்த கண்ணாடிக் கிண்ணத்தில் அருவிபோல ஊற்றுவார். முக்கால் பங்கு கிண்ணத்தில், கால் பங்கு விருந்தாளியின் காலணியில். ‘சரியாப் பாக்கலையே நீங்க, இன்னொரு தரம் காட்டறேன்’ என்பார்.

யாருக்குக் காட்டவில்லை? பல் மருத்துவருக்குக் காட்டினார். பல் மருத்துவரின் மைத்துனருக்கு, அவர் பல் மருத்துவரின் மைத்துனர் என்பதற்காகக் காட்டினார். வழி கேட்டு வந்த ஜெர்மன் தம்பதிக்கும், நன்கொடைக்கு வந்த இரண்டு கன்னியாஸ்திரிகளுக்கும், மீட்டர் பார்க்க வந்தவருக்கும் காட்டினார். ஒருவரும் வராத நாளில் தமக்குத் தாமே காட்டிக்கொண்டார். குளிர்காலத்தில் பூ கொஞ்சம் மெலியும், அது அதன் வழக்கம்; வசந்தத்தில் தானாகத் தேறும். இவருக்குப் பொறுக்கவில்லை. காலையில் எழுந்ததும் தேறிவிட்டதா என்று ஒரு பார்வை. கம்பளி போர்த்திப் பார்த்தார். கம்பளிக்குள் கதகதப்பாக இருக்கிறதா என்று கம்பளியை விலக்கிப் பார்த்தார். காபிக் கடையில் உட்கார்ந்து, இந்த வருஷம் ஊர் முழுக்கப் பூ பலவீனமாக இருக்கிறது, காற்றில் ஏதோ கோளாறு என்று ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். ஊரில் மற்றக் கிடங்குகளில் பூ கம்பளம்போலக் கிடந்தது. அங்கெல்லாம் யாருக்கும் அதன் மேல் பாசம் இல்லை.

முன்வரிசைப் பீப்பாய்களில் ஒயின் லேசாகப் பழுப்பேறத் தொடங்கியதை மிலாக்ரோஸ்தான் முதலில் பார்த்தாள்.

அவள் கூச்சல் போடுகிறவள் அல்ல. முதலில் கிடங்கைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தோன் பால்தொமேரோ படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சாப்பாடும் குறையவில்லை; ஆனால் படுத்திருந்தார். விசாரிக்க வந்தவர்களிடம், என்னை என் பூவிடமிருந்து பிரித்துவிட்டார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பல் மருத்துவர் அவளிடம் நியாயம் கேட்க வந்தார். சாவி அவர் கைக்கே திரும்பிப் போனது.

அடுத்து ஒரு தந்திரம் செய்தாள். பெரிய கம்பெனிகளில் பார்வையாளருக்கென்றே ஒரு பீப்பாயின் முகப்பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்து வைத்திருப்பார்கள். திறக்காமலே உள்ளே ஒயினும் மேலே பூவும் பக்கவாட்டில் தெரியும். அப்படி ஒன்றைச் செய்து கதவருகில் நிறுத்தினாள். இனி யார் வந்தாலும் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம், தக்கையைத் தொட வேண்டாம். நியாயமாக யோசிக்கிறவர்கள் எப்போதும் செய்கிற தவறு இது. அவர் காட்ட விரும்புவது பூவை என்று நினைத்துவிட்டாள். கண்ணாடிப் பீப்பாய்க்கு முதலில் வந்த ஒரு சீமாட்டி, ‘எவ்வளவு தெளிவாத் தெரியுது, நீங்க பாவம் சிரமப்படவே வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். தோன் பால்தொமேரோ கோலைக் கையில் வைத்துக்கொண்டு, வேலையில்லாத மீன்பிடிக்கிறவர்போல நின்றார். அன்று மாலையே கண்ணாடிப் பீப்பாயைப் பற்றிய அவருடைய கருத்து முதிர்ந்துவிட்டது.

“கண்ணாடிக்குள்ள இருக்கறது வளர்ப்புப் பூங்க. ஆள் பாத்துப் பழகிடுச்சு. உள்ள வாங்க, நிஜமான பூவக் காட்டறேன்.”

முன்வரிசை முடிந்து நடுவரிசைக்கு வந்தார். நடுவரிசை முடிகிற நிலைக்கு வந்தது. மேற்குச் சன்னலின் கோரைப்புல் தட்டிக்குக் கீழே, கடல் காற்று படுகிற பின்வரிசை மட்டும் மிச்சம். கிரோஸ் வாங்குகிற அளவுக்கு அது ஒன்றே போதும், அதுவும் பூவோடு இருந்தால். இந்த நிலையில்தான் மிலாக்ரோஸ் தன் புருஷனை ஒரு தரம் ஒழுங்காகப் படித்துப் பார்த்தாள். பூட்டுக்கு அவர் அடங்கமாட்டார், புத்திமதிக்கு அடங்கமாட்டார். எதற்கு அடங்குவார்? பெருமை தராத எதையும் அவர் யாருக்கும் திறந்து காட்டியதில்லையே. அவருடைய உள்ளாடைப் பெட்டியும், சொந்தத் தம்பி அனுப்பிய கடிதங்களும் எப்போதும் மூடித்தானே இருக்கின்றன?

இலையுதிர்காலத்தில் ஒரு நாள், பொரித்த மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: பின்வரிசையில் வினிகர் வாடை வருகிறது.

ஒயின்காரர் வீட்டில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. வினிகர் தொற்றுநோய். ஒரு பீப்பாயில் பட்டால் கோல் வழியாக, குழாய் வழியாக, துணி வழியாக அடுத்ததற்குத் தாவும். அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். தோன் பால்தொமேரோவின் கையில் மீன் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அவர் பின்வரிசைப் பக்கம் திரும்பவில்லை. விருந்தாளி யாராவது தெரியாமல் அந்தப் பக்கம் நடந்தால் தோளைப் பிடித்துத் திருப்பினார். மாதக்கணக்கில் அந்த வரிசையை ஒரு மனிதக் கை தொடவில்லை. மிலாக்ரோஸ்கூடத் தொடவில்லை. மேற்குச் சன்னல் காற்றும் தரையில் கொட்டிய ஈரமணலும் இருட்டும் மட்டும் அங்கே வேலை செய்தன.

அவள் கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. இந்த இனத்தார் அசிங்கத்தைத் திறந்து காட்டமாட்டார்கள், சரி. ஆனால் திறந்து சொல்லமாட்டார்கள் என்று யார் சொன்னது? யாரிடமும் சொல்லாதே என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள். அவரும் அதைக் காப்பாற்றினார். யாரிடம் சொன்னாலும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சேர்த்தே சொன்னார்.

கிரோஸ் வந்த அன்று நானும் அந்தக் கிடங்கில் இருந்தேன். இருபது ஆண்டு அடுத்த வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஆண்டுதோறும் அழைப்பார்கள். ஃபெர்மீன் எங்களுக்கு முன்பே வந்து, எந்த வளைவுக்குக் கீழே வாத்தியக்காரர்களை உட்காரவைக்கலாம் என்று மேலே பார்த்து நடந்துகொண்டிருந்தான். கிரோஸ் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர், தம் சொந்தக் கோலைத் துணியில் சுற்றித் தம்மோடு எடுத்துவருகிறவர். தோன் பால்தொமேரோ அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டு, பூவின் முன் மனிதன் தூசு என்பதை முக்கால் மணி நேரம் விளக்கினார். கிரோஸ் முன்வரிசையில் குனிந்தார். நடுவரிசையில் குனிந்தார். கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை. மாறாததுதான் மோசம்.

“பூ எங்க போச்சு?” என்றார்.

காற்றில் கோளாறு என்றார் தோன் பால்தொமேரோ. தாம் அதை எப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார், எத்தனை தடவை எட்டிப் பார்த்தார், கம்பளி போர்த்தியது, எல்லாவற்றையும் சொன்னார். குற்றவாளியின் வாக்குமூலம் இவ்வளவு பெருமிதத்தோடு எங்கும் தரப்பட்டிருக்காது.

மிலாக்ரோஸ் முன்னால் வந்து, பின்வரிசையைப் பாருங்கள் என்றாள். கிரோஸ் கோலை எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்தார். அப்போதுதான் தோன் பால்தொமேரோ அவர் முழங்கையைத் தொட்டார். நல்ல எண்ணம்தான், ஒரு கண்ணியமான மனிதர் இன்னொரு கண்ணியமான மனிதருக்குச் செய்கிற உதவி.

“அங்க வேண்டாங்க. அந்த வரிசை வினிகர். இவளுக்கு விட மனசு வரல, அதான்.”

கிரோஸ் நின்றுவிட்டார். ஊரிலும் ஏதோ காதில் விழுந்தது, நான் நம்பவில்லை என்று முணுமுணுத்தார். பிறகு நிதானமாகக் கோலைத் துணியில் சுற்றத் தொடங்கினார். வினிகர் பட்ட கோலைத் தன் கம்பெனிக் கிடங்குக்குள் கொண்டுபோனவன் என்று பெயரெடுக்க எந்தத் தலைவனும் துணியமாட்டான். ருசிபார்த்துத்தான் பாருங்களேன் என்று அவரிடம் கெஞ்ச முடியாது. தொழுநோய் இருக்கிறதா என்று கட்டிப்பிடித்துப் பார்க்கச் சொல்வதற்குச் சமம். ஃபெர்மீன் மேலே பார்ப்பதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. முகத்தில் கொஞ்சம் சங்கடம்கூட இருந்தது. கல்யாண மண்டபத்தின் விளக்குகள் அதன் பின்னால் எரிந்துகொண்டிருந்தன.

மிலாக்ரோஸ் சொன்னாள்:

“வினிகர் கிடையாது. நான்தான் பொய் சொன்னேன்.”

“யார்கிட்ட?” என்றார் கிரோஸ்.

“இவன்கிட்ட.”

“எதுக்கும்மா?”

“திறக்காம இருப்பான்னு.”

பெண் தன் புருஷனை மூன்றாம் மனிதர் முன்னால் இப்படிச் சொல்வது எங்கள் ஊரிலும் சாதாரண விஷயம் அல்ல. கிரோஸ் துணியின் முடிச்சில் விரலை வைத்தபடி, எவ்வளவு காலமாகத் திறக்கவில்லை என்று கேட்டார். போன இலையுதிர்காலத்திலிருந்து என்றாள். ஒரு தடவைகூடவா என்றார். நான்கூடத் திறக்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்றாள். அது உண்மை. பொய் சொல்லி ஆறு மாதம் காப்பாற்றிய பொருள் உள்ளே உயிரோடு இருக்கிறதா என்பதே அவளுக்குத் தெரியாது.

“உங்க கோலக் குடுங்க” என்றார் கிரோஸ். தம்முடையதைப் பிரிக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கைதான் அவளுக்கு அன்று கிடைத்தது.

தக்கையை அவரே எடுத்தார். மெழுகுவத்தி இல்லை, பேச்சு இல்லை. அவளுடைய கோலை நிமிர்த்திப் பிடித்து, ஒரே குத்து. மேலே வந்த குவளையில் வைக்கோல் நிறத்தில் ஒயின், விளிம்பில் ஒட்டிக்கொண்டு வெண்மையாக ஒரு நூல். முகர்ந்தார். வாயில் வைத்து வெகுநேரம் நின்றார். அப்புறம் தம் கோலின் முடிச்சை அவிழ்த்து அதே பீப்பாயில் இறக்கினார். அதைப் பார்த்ததும் மிலாக்ரோஸ் பக்கத்துப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஃபெர்மீன் புறப்படத் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

பின்வரிசைப் பீப்பாய் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார் கிரோஸ். முன்னால் இருப்பதில் இன்னும் கொஞ்சம் சாராயம் ஊற்றி, பூ தேவைப்படாத கறுப்பு ஒயினாக வளர விடுங்கள், அதற்குக் காற்றும் பிடிக்கும், கூட்டமும் பிடிக்கும் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

இனி நீங்கள் எதிர்பார்ப்பது தோன் பால்தொமேரோவின் முகத்தை. மானம் போனவர் என்ன செய்வார்? கோபித்துக்கொள்வாரா, கூனிக் குறுகுவாரா, மனைவியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பாரா? இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு படித்த பிறகும் இப்படி எதிர்பார்த்தால் தப்பு என்னுடையதுதான். ஒரு கணம் அவர் புருவம் சுருங்கியது என்னவோ உண்மை. கேட்டதையெல்லாம் உள்ளே எங்கோ வாங்கி, தமக்குத் தோதான அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ள அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. பிறகு முகம் தெளிந்தது. கிரோஸின் தோளில் கை போட்டார்.

“நான் எப்பவும் சொல்றதுதானே? தொடவே கூடாது. இன்னிக்காவது இவ புரிஞ்சுக்கிட்டா.”

கிரோஸ் தம் கோலைத் துணியில் சுற்றினார். தோன் பால்தொமேரோவைப் பொறுத்தவரை ஒரு கொள்கை வென்றுவிட்டது, அது தமக்கு எதிராக வென்றது என்பது ஒரு சின்ன விவரம். அடுத்த வாரமே காபிக் கடையில், பின்வரிசையைத் தாம் ஆறு மாதம் திரும்பியும் பார்க்காமல் வளர்த்த கதை ஓடியது. அந்தக் கதையில் பொய்யே இல்லை என்பதுதான் எரிச்சல். நிஜமாகவே அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உலகத்தில் பலருடைய சாதனைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு மாலை மரியாதையும் நடக்கிறது.

ஆனால் மிலாக்ரோஸின் விஷயம் முடியவில்லை. அந்த வருஷம் கிடங்கு பிழைத்தது. அதைப் பிழைக்கவைத்த பொய்யை அவள் எல்லார் முன்னாலும் செலவழித்துவிட்டாளே. கிரோஸ் எடுத்துக்கொண்டது போக, பீப்பாய்களில் மிஞ்சியதன்மேல் பூ திரும்ப மூட வேண்டும், அடுத்த வசந்தத்துக்கும் இருக்க வேண்டும். இப்போது தோன் பால்தொமேரோவுக்குத் தெரியும், அங்கே இருப்பது வினிகர் அல்ல, ஊரிலேயே அழகான பூ என்று. கிரோஸின் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அவர் உள்ளே போய் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டார். மிலாக்ரோஸ் எழுந்து போய்ப் பின்வரிசைக்குப் போகிற வழியில் நின்றாள்.

“எங்க போற?”

“எங்கயும் இல்ல, அம்மாடி. இத்தன நாள் பாக்காமலே விட்டுட்டேன். பாவம், ஒரே ஒரு பார்வ பாத்துட்டு மூடிடறேன்.”

அவள் நகரவில்லை. அவரும் நகரவில்லை. மெழுகு அவர் விரலில் சொட்டியது. அவளுக்கு வேறொரு பொய் தயாராக இருந்ததா, அவள் வழிவிட்டாளா, அடுத்த வசந்தத்தில் கிரோஸ் குனிந்து பார்த்தபோது அங்கே என்ன இருந்தது, அந்தக் கட்டடத்தில் இன்று கேட்பது வயலினா அல்லது வெறும் நிசப்தமா, எல்லாம் எனக்குத் தெரியும். அடுத்த வீடுதானே. சொல்லப்போவதில்லை.

என்ன, பொறுக்கவில்லையா? தோன் பால்தொமேரோவை இவ்வளவு நேரம் இளக்காரமாகப் பார்த்தீர்களே. எட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டாலே உங்களுக்குப் பிடிக்காது என்று இதற்குள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். இருந்தாலும் ஒரே ஒரு தடவை, கடைசியில் என்னதான் ஆயிற்று என்று மட்டும் தெரிந்துகொண்டு மூடிவிடலாம் என்று இருக்கிறது, இல்லையா?

தக்கைமேலிருந்து கையை எடுங்கள்.